கெஸ்ட் ஹவுஸா, லக்ஷரி ஹோட்டலா? பாண்டிச்சேரிக்கு ரூம் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க



லாங் வீக்கெண்ட் வந்தாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சிடுவாங்க: "பாண்டி போலாமா?" சென்னையில இருந்து ஈசிஆர்ல சுமார் 150 கிலோமீட்டர். பெட்ரோல் செலவு பெருசா இருக்காது. போறதா இல்லையாங்கிறது அஞ்சு நிமிஷத்துல முடிவாகிடும். எங்க தங்குறதுங்கிற கேள்வி மட்டும் ரெண்டு நாள் ஓடும்.

ஒருத்தர் கால்வாய்க்கு மேற்கே தமிழர் தெருவுல திண்ணையும் முற்றமும் வச்ச ஒரு பழைய வீட்டு கெஸ்ட் ஹவுஸ் லிங்க்கை அனுப்புவார். இன்னொருத்தர் நீச்சல் குளம், ஸ்பா, பஃபே பிரேக்ஃபாஸ்ட்டோட ஒரு பெரிய ஹோட்டல் லிங்க்கைப் போடுவார். ஒண்ணு ஒரு ராத்திரிக்கு 2,000 ரூபாய், இன்னொண்ணு 9,000 ரூபாய். எது சரி?

"பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற ஆள், விலை கம்மியா இருக்கிறதைத்தான் எடுக்கச் சொல்வார்"னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். ரெண்டு தடவை தப்பா ரூம் போட்ட பிறகுதான் மாறினேன். அந்த ரெண்டு கதையையும் சொல்லிட்டு கணக்குக்கு வர்றேன்.

நான் பண்ண ரெண்டு தப்பு

முதல் தப்பு: அப்பா ரிட்டயர் ஆன வருஷம். பஸ் கண்டக்டரா இருந்தவர், வாழ்க்கையில பாதி நேரம் நின்னுக்கிட்டே போனவர். முழங்கால் வலி அப்பவே இருந்துச்சு. "பாண்டியில காலையில சூரியன் கடல்ல இருந்து வர்றதைப் பாக்கணும்"னு ஒரே ஒரு ஆசைதான் சொன்னார். நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தேடித் தேடி ஒரு பழைய வீட்டு கெஸ்ட் ஹவுஸைப் பிடிச்சேன். ராத்திரிக்கு 1,400 ரூபாய். கடற்கரைக்கு நடந்தே போயிடலாம். போட்டோல வீடு அவ்வளவு அழகு. லிஃப்ட் இருக்கிற ஹோட்டலை விட மொத்தத்துல அஞ்சாயிரம் மிச்சம்னு பெருமையா இருந்தேன்.

ரூம் ரெண்டாவது மாடியில. குறுகலான படி, ஒவ்வொண்ணும் நல்ல உயரம். அப்பா சனிக்கிழமை மதியம் ஒரு தடவை ஏறினார். அதுக்கப்புறம் "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்"னு சொல்லிட்டார். ரெண்டு நாளும் மாடி வராந்தா நாற்காலியிலேயே இருந்தார். கடல் 400 மீட்டர் தூரத்துல இருந்தது. சூரியோதயத்தை நானும் அம்மாவும்தான் பார்த்தோம். திரும்பி வரும்போது கார்ல, "நல்ல ரூம்ப்பா, காத்து நல்லா வந்துச்சு"ன்னார். அந்த வார்த்தை எனக்கு இன்னமும் உறுத்துது.

ரெண்டாவது தப்பு: அடுத்த வருஷம் ஆபீஸ் நண்பர்களோட. "லைஃப் ஒரு தடவைதான்டா"ன்னு சொல்லி ஒரு லக்ஷரி ஹோட்டல். காசு கிரெடிட் கார்டுல. காலையில கிளம்பினா ராத்திரி 12 மணிக்குத்தான் ரூமுக்குத் திரும்புவோம். பீச், கஃபே, ஆரோவில், மறுபடி பீச். அந்த நீச்சல் குளத்தை நான் முதல் தடவை பார்த்ததே செக்-அவுட் பண்ணும்போதுதான். கார்டு பில்லை மூணு மாசம் இழுத்து இழுத்துக் கட்டினேன்.

யோசிச்சுப் பாருங்க. ரெண்டு இடத்துலயும் ரூம் மேல குறை இல்ல. ஆளும் ரூமும் மாறிப்போச்சு, அவ்வளவுதான். அப்பாவுக்கு ஹோட்டல் தேவைப்பட்டது, கெஸ்ட் ஹவுஸ் போட்டேன். நண்பர்களுக்கு கெஸ்ட் ஹவுஸே போதும், ஹோட்டல் போட்டேன்.

அதனால "எது மலிவு?"ங்கிற கேள்வியை விட்டுட்டு, "இந்த ட்ரிப்புல ரூம் என்ன வேலை செய்யப் போகுது?"ன்னு கேட்கப் பழகினேன். அதுக்கு மூணு கணக்கு வச்சிருக்கேன்.

கணக்கு 1: திரையில தெரியுற விலையைப் பார்க்காதீங்க, முழு பில்லைப் பாருங்க

2 பேர், 2 ராத்திரின்னு எடுத்துக்குவோம். விலையெல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான். நீங்க போற தேதிக்கு ஏத்த மாதிரி மாத்திப் போட்டுக்கோங்க.

கெஸ்ட் ஹவுஸ்:
- ரூம் 2,000 × 2 = 4,000
- ஜிஎஸ்டி 5% = 200
- காலை டிபன் வெளிய, ரெண்டு நாளுக்கும் = 400
- மதியமும் ராத்திரியும் வெளிய சாப்பாடு, ஆளுக்கு வேளைக்கு 250 வீதம் = 2,000
- மொத்தம் 6,600 ரூபாய்

லக்ஷரி ஹோட்டல்:
- ரூம் 9,000 × 2 = 18,000 (காலை உணவு சேர்த்து)
- ஜிஎஸ்டி 18% = 3,240
- ரெண்டு ராத்திரி சாப்பாடு ஹோட்டல்லயே, ஆளுக்கு 1,200 வீதம் = 4,800
- அந்தச் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 18% = 864
- மதியம் வெளிய = 1,000
- ஊருக்கு வெளிய இருக்கிற ஹோட்டல்னா ஆட்டோ = 1,000
- மொத்தம் 28,904 ரூபாய்

புக் பண்ணும்போது நம்ம மனசுல ஓடுறது "ராத்திரிக்கு 7,000 வித்தியாசம், ரெண்டு ராத்திரிக்கு 14,000". உண்மையான வித்தியாசம் 22,304 ரூபாய். நடுவுல இருக்கிற எட்டாயிரத்துச் சொச்சம் எங்க போச்சு? வரியிலயும் சாப்பாட்டுலயும் ஆட்டோவுலயும்தான்.

வரி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாப் பார்த்துடலாம், ஏன்னா இதுல நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

2025 செப்டம்பர் 22-ல இருந்து, ஒரு ரூமுக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டி 5%. அதுக்கு முன்னாடி இது 12%-ஆ இருந்தது. 7,500-ஐத் தாண்டினா 18%. தாண்டின தொகைக்கு மட்டும் 18% இல்லை, முழு வாடகைக்கும் 18%.

- 7,500 ரூபாய் ரூம்: வரி 375. மொத்தம் 7,875.
- 7,600 ரூபாய் ரூம்: வரி 1,368. மொத்தம் 8,968.

வாடகையில 100 ரூபாய்தான் கூட. கையில இருந்து போறது 1,093 ரூபாய் கூட! 7,600, 7,900-னு ஒரு ரூம் பிடிச்சிருந்தா, ஹோட்டலுக்கு நேரா போன் பண்ணி "7,500-க்குத் தர முடியுமா?"ன்னு கேளுங்க. நீங்க உண்மையில கொடுக்கிற வாடகையை வச்சுத்தான் வரி கணக்காகும். அதனால தள்ளுபடி கிடைச்சா வரியும் இறங்கிடும்.

அடுத்தது சாப்பாடு. வெளிய இருக்கிற சாதாரண ரெஸ்டாரண்ட்ல ஜிஎஸ்டி 5%. 7,500-க்கு மேல ரூம் வாடகை வாங்குற ஹோட்டலுக்குள்ள இருக்கிற ரெஸ்டாரண்ட்ல 18%. நீங்க சீசன் இல்லாத நேரத்துல அதே ஹோட்டல்ல 6,500-க்கு ரூம் எடுத்திருந்தாலும், சாப்பாட்டு பில்லுல 18% வரலாம். மெனு கார்டைப் பார்க்கும்போதே மனசுக்குள்ள அதையும் கூட்டிக்கோங்க.

சர்வீஸ் சார்ஜ்னு தனியா ஒரு வரி பில்லுல இருந்தா? அது அரசாங்க வரி கிடையாது. ஹோட்டலோ ரெஸ்டாரண்ட்டோ அதைத் தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில வழிகாட்டுதல் கொடுத்துச்சு. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்ல அதை உறுதி செஞ்சது. மரியாதையா "இதை எடுத்துடுங்க"ன்னு கேட்கலாம். மறுத்தா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

சின்ன கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு. வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழ இருக்கிறவங்க பொதுவா ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. பதிவு இல்லாதவங்க உங்ககிட்ட ஜிஎஸ்டி வாங்கவும் முடியாது. பில்லுல ஜிஎஸ்டி போட்டிருந்தா, ஜிஎஸ்டி எண்ணும் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

கணக்கு 2: ரூம்ல கண் முழிச்சிருக்கிற நேரம் எவ்வளவு?

தூங்குறதுக்கு எந்தக் கட்டிலும் போதும், சுத்தமா இருந்தா சரி. நீங்க லக்ஷரிக்குக் கொடுக்கிற காசு, கண் முழிச்சு அதை அனுபவிக்கிற நேரத்துக்குத்தான். அதனால வாடகையை அந்த மணி நேரத்தால வகுத்துப் பாருங்க.

நண்பர்களோட போறீங்க. குளிக்க, டிரஸ் மாத்த, கொஞ்ச நேரம் அரட்டை அடிக்க, ஒரு நாளைக்கு 3 மணி நேரம் ரூம்ல இருப்பீங்க. ரெண்டு நாளைக்கு 6 மணி நேரம்.

- லக்ஷரி ஹோட்டல்: 21,240 ÷ 6 = மணிக்கு 3,540 ரூபாய்
- கெஸ்ட் ஹவுஸ்: 4,200 ÷ 6 = மணிக்கு 700 ரூபாய்

நான் நண்பர்களோட போன ட்ரிப்பு இதுதான். தலையைத் துவட்டுறதுக்கு மணிக்கு மூவாயிரத்து ஐந்நூறு!

இப்போ கல்யாணமான புதுசுல ஜோடியா போறீங்க, இல்ல ஆறு மாசமா லீவே இல்லாம புராஜெக்ட்ல அரைபட்டு, சும்மா படுத்துக் கிடக்கணும்னே போறீங்கன்னு வைங்க. குளம், தோட்டம், பால்கனின்னு ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஹோட்டலுக்குள்ளயே இருப்பீங்க. ரெண்டு நாளைக்கு 20 மணி நேரம். அதே 21,240 ரூபாய் மணிக்கு 1,062-ஆ குறையுது. அங்க ஹோட்டல்தான் உங்க ட்ரிப்பே. அதுல தப்பே இல்லை.

கணக்கு 3: கூட வர்றவங்களோட உடம்புக்கு என்ன தேவை?

இது ரூபாயில வராத கணக்கு. நான் கோட்டை விட்டதும் இங்கதான்.

பாண்டிச்சேரியில பழைய வீட்டு கெஸ்ட் ஹவுஸ்களுக்குன்னு ஒரு குணம் இருக்கு. உயரமான கூரை, முற்றத்துக் காத்து, தெருவுல இறங்கினா மணக்குள விநாயகர் கோயிலுக்கும் பீச் ரோட்டுக்கும் நடந்தே போயிடலாம். வீட்டுக்காரரே எந்த மெஸ்ல சாப்பாடு நல்லா இருக்கும்னு சொல்லுவார். எந்தப் பெரிய ஹோட்டல் ரிசப்ஷன்லயும் அது கிடைக்காது. ஆசிரமத்தோட சேர்ந்த விடுதிகளும் இருக்கு. சுத்தமும் அமைதியும் நல்லா இருக்கும், கடலைப் பார்த்த மாதிரியே சிலது இருக்கு. ஆனா குடி, சிகரெட் கூடாது; ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு கேட் பூட்டிடுவாங்க. பேச்சிலர் கும்பலா போறவங்களுக்கு அது சரிப்படாது. அம்மாவோட போறவங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

அதே சமயம், பழைய வீடுன்னா பழைய வீடுதான். பல இடத்துல லிஃப்ட் வைக்க இடம் இருக்காது. பாத்ரூம் பின்னாடி ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும், வாசல்ல ஒரு படி தடுக்கும். இது எதுவுமே போட்டோல தெரியாது. அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி போன் போட்டு இதைக் கேளுங்க:

- எந்த மாடி? லிஃப்ட் இருக்கா? கீழ்த்தள ரூம் தருவீங்களா?
- வெஸ்டர்ன் டாய்லெட்டா?
- சுடுதண்ணி நாள் முழுக்க வருமா, காலையில மட்டுமா?
- கரண்ட் போனா ஏசிக்கு பேக்கப் இருக்கா, ஃபேனுக்கு மட்டுமா?
- கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?
- கார் நிறுத்த இடம் இருக்கா?
- எத்தனை மணிக்கு ரூம் கிடைக்கும்? சீக்கிரம் வந்தா பையை வச்சுட்டுப் போகலாமா?
- கேன்சல் பண்ணா எவ்வளவு திரும்ப வரும்?

ரெண்டு நிமிஷ போன் கால்தான். அன்னைக்கு நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தா போதும்.

ஐடி புரூஃப் கேட்டா, ஆதாரோட முழு நகலை வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. கடைசி 4 எண் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதாரை டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

சரி, காசு எங்க இருந்து வருது?

எனக்குன்னு ஒரு விதி வச்சிருக்கேன். ஒரு வீக்கெண்ட் ட்ரிப்போட முழுச் செலவும் ஒரு மாசத்துல கைக்கு வர்ற சம்பளத்துல ஆறுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும். கைக்கு 40,000 வருதுன்னா, சுமார் 6,600. நம்ம கெஸ்ட் ஹவுஸ் கணக்கு அதுல கச்சிதமா உக்காந்துடுது. 28,904 ரூபாய்ங்கிறது அந்தச் சம்பளத்துல முக்கால்வாசியைத் தொடுது. வாடகையும் வீட்டுக்கு அனுப்புற பணமும் போக, அந்த மாசம் எப்படி ஓடும்?

அப்படின்னா லக்ஷரி ஹோட்டலே வேணாமா? வேணும்னா போங்க, ஆனா முன்கூட்டியே சேர்த்து வச்சுட்டுப் போங்க. ஆறு மாசம் முன்னாடி மாசம் 4,820 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போட்டா பணம் தயார். கார்டுல தேய்ச்சுட்டு வந்து கட்ட முடியாம போனா? மாசம் 3.5% வட்டி போடுற கார்டுல 29,000 ரூபாய் பாக்கி நின்னா, முதல் மாசமே வட்டி 1,015. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 183. ஆக 1,198 ரூபாய். பாக்கி தீர்ற வரைக்கும் புதுசா வாங்குற பாலுக்கும் பெட்ரோலுக்கும் கூட வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும். அந்த மூணு மாசத்துல நான் இதை நல்லாவே கத்துக்கிட்டேன்.

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வரும்: "எல்டிஏ-ல ஹோட்டல் பில்லைக் காட்டலாமா?" முடியாது. எல்டிஏ வரிவிலக்கு இந்தியாவுக்குள்ள போய் வர்ற பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். தங்குறது, சாப்பிடுறது சேராது. அதுவும் பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான், நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணத்துக்கு.

நடுவுலயும் வழி இருக்கு

2,000-க்கும் 9,000-க்கும் நடுவுல எதுவுமே இல்லாத மாதிரி நாம யோசிக்கிறோம். இருக்கு.

ஒண்ணு, நாளை மாத்துங்க. பாண்டியில சனி, ஞாயிறு விலை வேற, செவ்வாய், புதன் விலை வேற. ஒரு நாள் லீவு போட்டு வாரநாள்ல போனா, அதே காசுக்கு ஒரு படி மேல ரூம் கிடைக்கும்.

ரெண்டு, பிரிச்சுத் தங்குங்க. முதல் ராத்திரி ஊருக்குள்ள கெஸ்ட் ஹவுஸ், நல்லா சுத்துங்க. ரெண்டாவது ராத்திரி பெரிய ஹோட்டல், அன்னைக்கு வெளியவே போகாதீங்க. குடுத்த காசு முழுசா வசூல் ஆகும்.

மூணு, ஆடம்பரத்துல உங்களுக்குத் தேவையான ஒண்ணை மட்டும் வாங்குங்க. லிஃப்ட் வேணுமா, லிஃப்ட்டுக்கு மட்டும் காசு குடுங்க. ஸ்பாவுக்கும் குளத்துக்கும் சேர்த்துக் குடுக்க வேண்டியதில்லை.

அந்த மூணாவதைத்தான் நான் சமீபத்துல செஞ்சேன். அப்பா, அம்மாவைக் கூட்டிட்டு மறுபடி பாண்டி போனோம். கிழமை செவ்வாய். பீச் ரோட்டுக்குப் பக்கத்துல லிஃப்ட் இருக்கிற, குளம் எதுவும் இல்லாத ஒரு ஹோட்டல். அவங்க ரூமுக்கு ராத்திரிக்கு 5,200 ரூபாய், வரியோட 5,460. எனக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சிங்கிள் ரூம்.

மறுநாள் விடியற்காலையில அப்பா தானே லிஃப்ட்ல இறங்கி, ரோட்டைக் கடந்து, காந்தி சிலைக்குப் பக்கத்துல கைப்பிடிச் சுவர்ல உக்காந்திருந்தார். நான் போறதுக்குள்ள சூரியன் பாதி வந்துடுச்சு. "லேட்டா வர்ற"ன்னார். அப்புறம் ஹோட்டல் காபி விலையைக் கேட்டுட்டு, "இவ்வளவா?"ன்னு எழுந்து போய் வெளிய டீக்கடையில குடிச்சுட்டு வந்தார். சிக்கனம் எங்க குடும்பச் சொத்து!

புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

1. வரி, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து முழு பில் எவ்வளவு?
2. ரூம்ல எத்தனை மணி நேரம் கண் முழிச்சிருப்பேன்?
3. கூட வர்றவங்கள்ல யாருக்காவது படி, பாத்ரூம், சத்தம் பிரச்சினையா?
4. பணம் ஏற்கனவே கையில இருக்கா, இல்ல அடுத்த மாசச் சம்பளத்துல இருந்து எடுக்கிறேனா?

மூணாவது கேள்விக்கு "ஆமா"ன்னு பதில் வந்தா, முதல் கேள்வியில கொஞ்சம் விட்டுக் குடுங்க. நாலாவதுக்கு "அடுத்த மாசச் சம்பளம்"னு பதில் வந்தா, ட்ரிப்பை ரெண்டு மாசம் தள்ளிப் போடுங்க. பாண்டி எங்கயும் போயிடாது.

நீங்க தப்பா ரூம் போட்டு மாட்டின அனுபவம் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. இந்த மூணு கணக்கையும் உங்க நம்பரைப் போட்டுப் பார்க்கிறது எப்படின்னு நம்ம சேனல் வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டியிருக்கேன், பாருங்க. அடுத்த வாரம் வேறொரு கணக்கோட சந்திப்போம்.